அமுக்காத பட்டன்

வயசானவங்களுக்கான உடல்நலக் கருவி என்றால் இப்போது எல்லோரும் ஸ்மார்ட் வாட்சைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் கழுத்தில் மாட்டுகிற ஒரு பட்டன் இருந்தது. என் குறிப்புகள் அதைப் பற்றியவை.

1974-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ டிப்னர் என்ற உளவியலாளர் லைஃப்லைன் நிறுவனத்தைத் தொடங்கினார். தனியாக வாழும் முதியவர் சின்ன பட்டன் ஒன்றை அணிந்திருப்பார். விழுந்தால் அமுக்க வேண்டியதுதான். தொலைபேசியோடு இணைத்த பெட்டி தானே உதவிக்கு ஆளைக் கூப்பிடும். செல்போன் இல்லாத காலத்தில் இது பெரிய விஷயம்.

1980களின் இறுதியில் லைஃப்கால் என்ற இன்னொரு நிறுவனம் டிவி விளம்பரம் போட்டது. விழுந்துட்டேன், எழுந்திருக்க முடியலை என்று ஒரு பாட்டி தரையில் கிடந்தபடி கத்துவார். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அதைப் பார்த்த பிறகு யார் ஆசையாக அந்தப் பட்டனை மாட்டிக்கொள்வார்கள், சொல்லுங்க?

ஆனால் கூச்சம் மட்டும்தான் காரணம் என்று முடித்துவிட முடியாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜேன் ஃப்ளெமிங், கேரல் பிரெய்ன் இருவரும் 90 வயது தாண்டிய 110 பேரை ஒரு வருஷம் கவனித்து, 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 66 பேர் விழுந்திருந்தார்கள். அவர்களில் 53 பேரால் ஒருமுறையாவது தானாக எழ முடியவில்லை. 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்தார்கள். அபாயப் பட்டன் பலரிடம் இருந்தது. ஆனால் நெடுநேரம் கிடந்த பெரும்பாலான சமயங்களில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. சிலருக்கு அதை மாட்டிக்கொள்ளும் பழக்கமே வரவில்லை. சிலர் முயன்றும் முடியவில்லை. வேறு சிலரோ, வேண்டாம் என்று தெரிந்தே அமுக்காமல் இருந்தார்கள்.

இந்தக் கடைசி வகைதான் என்னை விடவில்லை. பிடிவாதம்னு சொல்லிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமுக்கினால் ஆள் வரும், ஆம்புலன்ஸ் வரும், பிள்ளைகளுக்குச் செய்தி போகும், 'இனிமே தனியா இருக்க வேண்டாம்' என்ற பேச்சு எழும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கொடுமை என்னவென்றால், நெடுநேரம் தரையில் கிடந்தவர்கள்தான் பலத்த காயத்தோடு மருத்துவமனைக்கும், பிறகு பராமரிப்பு இல்லத்துக்கும் அதிகம் போனார்கள் என்று அதே ஆய்வு சொல்கிறது.

2018-ல் வந்த ஆப்பிள் வாட்ச் விழுந்ததைத் தானே கண்டுபிடிக்கும். அணிந்தவர் அசையாமல் கிடந்தால் தானே அழைக்கும். அது வந்த புதிதில், 65 வயதுக்கு மேல் என்று பதிந்திருந்தால் அந்த வசதி தானாகவே இயங்கத் தொடங்கியது. பேரனும் கட்டுகிற வாட்ச் என்பதால் கூச்சம் குறையலாம். ஆனால் அமுக்கலாமா வேண்டாமா என்ற முடிவு முதியவர் கையை விட்டுக் கொஞ்சம் நழுவிவிடுகிறது.

ஜப்பானின் ஜோஜிருஷி நிறுவனம் 2001-லேயே வேறு வழியில் போனது. உடம்பில் எதையும் மாட்டவில்லை. டீக்கு வெந்நீர் வைக்கும் மின்சாரப் பாத்திரத்துக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். அம்மா எப்போது வெந்நீர் எடுத்தார் என்று பிள்ளைக்கு மின்னஞ்சல் போகும். அம்மா எதையும் அமுக்க வேண்டாம், வழக்கம்போல டீ போட்டால் போதும். ரொம்ப நாகரிகமான யோசனை. ஆனால் விழுந்த அடுத்த நிமிஷமே அதிலிருந்து உதவி வராது. அன்றைக்கு வெந்நீர் எடுக்கவே இல்லை என்று தெரிந்த பிறகுதான் பிள்ளை போன் எடுப்பார்.