என்ஹான்ஸ் பண்ணிய பாவம்

பொட்டி தட்டுற மக்களே, போன மாசம் நடந்த கூத்து இது. ரிப்போர்ட் வர லேட்டாகுதுன்னு கிளையன்ட் புகார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆணி புடுங்கி சரி பண்ணிட்டு, வேகத்தை 'என்ஹான்ஸ்' பண்ணியாச்சுன்னு மெயில் தட்டிட்டுப் படுத்துட்டேன். காலையில டேமேஜர் போன்.

"ஏம்ப்பா, இன்கிரீஸ்னு எழுதித் தொலைக்கக் கூடாதா? என்ஹான்ஸ்மென்ட்னா தனியா பில் போடுவோம்னு நெனச்சு அவன் சண்டைக்கு வர்றான்."

ரெண்டு நாள் மெயில் யுத்தம். சனிக்கிழமை லீவும் போச்சு. அந்தக் கடுப்புலதான் இந்த வார்த்தைகளோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

1066ல நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடிச்சதும் அரசவைக்கும் சட்டத்துக்கும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. இன்கிரீஸ், என்ஹான்ஸ் ரெண்டும் அந்த வழியா வந்த விருந்தாளிங்க. என்ஹான்ஸோட வேர், உயரம்ங்கிற பொருள் தர்ற லத்தீன் 'ஆல்டுஸ்'. ஆரம்பத்துல ஒரு பொருளை மேலே தூக்குறதுக்கே அதைச் சொன்னாங்க. அப்புறம் விலையை ஏத்துறதுக்கும். 'மெருகேத்துறது' பின்னாடி ஒட்டிக்கிட்ட அர்த்தம். அமெரிக்க கோர்ட்டுல தண்டனையைக் கூட்டுறதுக்குப் பேரு இன்னிக்கும் என்ஹான்ஸ்மென்ட்தான். எனக்குக் கிடைச்சது அந்த வகை :-)

சரி, விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னாடி வீட்டுல யாரு இருந்தா? 'ஈக்'னு ஒருத்தன். கூட்டு, பெருக்குன்னு அர்த்தம். (நம்ம ஊர்ல அம்மா 'பெருக்கு'ன்னா விளக்குமாறைத் தேடணும், அது வேற கதை.) லத்தீன்லேருந்து வந்த ஆக்மென்ட்டும் இவனும் ஒரே ஆதி வேர்ல பிறந்த பங்காளிங்களாம்! டவுன்ல படிச்ச பங்காளி கோட்டு போட்டு வந்ததும் கிராமத்துக்காரன் திண்ணைக்குப் போன கதைதான். இன்னிக்கு ஈக்குக்கு மிச்சம், அரை வயித்துக்கு அல்லாடிப் பிழைக்கிறதைச் சொல்ற 'ஈக் அவுட்'. அப்புறம் நிக்நேம்: 'ஈக் நேம்'னா கூடுதல் பேரு, முன்னாடி நின்ன 'ஆன்'லேருந்த 'ன்' நழுவி இதுல ஒட்டிக்கிச்சு.

இத்தனையையும் ஒரே கூரைக்குக் கீழே அடுக்கின ஆளு பீட்டர் மார்க் ரோஜே. தொழில் டாக்டர், 1815ல ஒரு புது வகை ஸ்லைடு ரூலை வெளியிட்டவரு, அதனால நம்ம ஆளு. 1805ல எழுத ஆரம்பிச்ச பட்டியல் 1852லதான் புத்தகமாச்சு. அகர வரிசை இல்ல, கருத்து வாரியா ஆயிரம் தலைப்பு.

அதைப் புரட்டியும் எனக்கேத்த வார்த்தை சிக்கல. கடைசியில கிளையன்டுக்கு இப்படி அனுப்பினேன்: முன்பு 40 நொடி, இப்போது 6 நொடி. பதிலுக்கு 'தேங்க்ஸ்'னு ஒரே வார்த்தை வந்துச்சு.