நாற்காலியைத் திரும்பக் கேட்ட ஊர்கள்

தேர்தல் நாளில் வரிசையில் நின்று, சீட்டில் பெருக்கல் குறியிட்டு, பெட்டியில் போட்டுவிட்டு வீடு திரும்பினால் அதோடு மக்களின் அதிகாரம் முடிந்துவிடுகிறதா? வென்றவர் வாக்கு மாறினால், அடுத்த தேர்தல் வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதுதானா?

நூறாண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் அரசியல்வாதி அல்லர், ஒரு மருத்துவர். ஜான் ரண்டால்ஃப் ஹேய்ன்ஸ் என்பது அவர் பெயர். 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிவந்தவர். மருத்துவத்தோடு நிலத்திலும் பணம் போட்டுச் செல்வந்தரானவர். அன்றைய கலிஃபோர்னியாவில் சதர்ன் பசிபிக் என்ற ரயில் நிறுவனம் வைத்ததே சட்டம். சட்டமன்றம் முதல் நகர மன்றம் வரை அதன் செல்வாக்கு எட்டாத இடமில்லை. வசதியாக வாழ்ந்த ஒரு மருத்துவருக்கு இதில் என்ன வந்தது என்று அந்நாளில் பலர் கேட்டிருக்கக்கூடும். ஹேய்ன்ஸ் விடவில்லை. 1895-இல் ஓர் இயக்கம் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் அலைந்து, 1902 டிசம்பரில் நகரச் சாசனத் திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டு வந்தார். திருத்தம் வென்றது, 1903-இல் நடப்புக்கு வந்தது. தேர்ந்தெடுத்தவரைப் பதவிக்காலம் முடியுமுன்பே திரும்ப அழைக்கும் உரிமையைப் பெற்ற முதல் அமெரிக்க நகரம் லாஸ் ஏஞ்சல்ஸ்தான்.

யோசனை முற்றிலும் புதிதன்று. சுவிட்சர்லாந்தின் சில மாநிலங்களில் முழு மன்றத்தையுமே கலைக்கக் கோரும் உரிமை ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஒரு தனி ஆளைப் பெயர் சொல்லி இறக்குவது என்பது வேறு கதை.

முதலில் சிக்கியவர் டேவன்போர்ட் என்ற நகர மன்ற உறுப்பினர். நகராண்மையின் அச்சு வேலைக்கு விலைப்புள்ளி கேட்டிருந்தார்கள். குறைந்த விலை கேட்டவரை விட்டுவிட்டு, கூடுதல் விலை கேட்ட ஒரு நாளிதழ் நிறுவனத்துக்கே வேலையைக் கொடுக்க மன்றம் முடிவு செய்தது. அதற்குக் கைதூக்கியவர்களில் டேவன்போர்ட்டும் ஒருவர். 1904-ஆம் ஆண்டு அவருடைய வட்டாரத்திலேயே மனு கிளம்பியது; வாக்கெடுப்பில் அவர் தோற்றார். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். மனுவுக்கு முன்னால் நின்றது அச்சுத் தொழிலாளர் சங்கம். குத்தகை பெற்ற நாளிதழோ தொழிற்சங்கம் என்றாலே எரிந்து விழும் நிறுவனம். பொதுப் பணம் வீணாகிறது என்ற கோபமும் பழைய பகையும் ஒரே தாளில் கையெழுத்திட்டிருந்தன. திரும்ப அழைக்கும் இயக்கங்களில் இந்தக் கலப்பு பின்னாளிலும் மறையவில்லை.

அடுத்து 1909-இல் அதே நகரத்தின் மேயர் ஆர்தர் ஹார்ப்பர். விபசார விடுதிகளுக்கும் மதுக்கடைகளுக்கும் ஒரு சர்க்கரை நிறுவனத்தின் மதிப்பற்ற பங்குகளை விற்று, அதற்குக் கைம்மாறாகப் பாதுகாப்புக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. மனு நிறைவேறி, நாளும் குறித்தாகிவிட்டது. வாக்கெடுப்பு வரை அவர் காத்திருக்கவில்லை. முன்கூட்டியே பதவி விலகிவிட்டார்.

பெண்கள் வந்தார்கள்

இந்த வரலாற்றில் மிகவும் சுவையான ஊர் சியாட்டல். 1910-இல் அங்கே மேயரானவர் ஹைரம் கில் என்ற வழக்கறிஞர். சூதாட்டத்தையும் விபசாரத்தையும் ஊரின் ஒரு பகுதிக்குள் அடக்கி வைத்து, அங்கே கண்டுகொள்ளாமல் விடலாம் என்பது அவர் கொள்கை. அதையும் மறைக்கவில்லை, சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார், வென்றார். வாப்பன்ஸ்டைன் என்பவரைப் போலீஸ் தலைவராக அமர்த்தினார். பிறகு அடக்கி வைத்த பகுதிக்கு வேலியே இல்லாமல் போயிற்று. பீக்கன் ஹில் பகுதியில் 500 அறைகள் கொண்ட விபசார விடுதி ஒன்று எழும்பத் தொடங்கியது. அதில் ஒரு பகுதி நின்றது பொதுச் சாலையின் மீது! அதற்கு நகராண்மையே அனுமதி கொடுத்திருந்தது.

ஊர் மக்கள் மனு எடுத்துப் புறப்பட்டார்கள். கையெழுத்துகள் சேர்ந்துகொண்டிருந்த வேளையில், 1910 நவம்பரில், வாஷிங்டன் மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. கில்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆண்கள் மட்டுமே. அவரை எடை போட வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். 1911 பிப்ரவரி 7-ஆம் நாள் வாக்கெடுப்பு. ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன் மேளதாளத்தோடு வந்தவர் அன்று சில ஆயிரம் வாக்குகளில் ஜார்ஜ் டில்லிங் என்பவரிடம் பதவியை இழந்தார். போலீஸ் தலைவர் லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் பள்ளிக்கூடப் பாடமாகியிருக்கும். 1914-இல் அதே ஹைரம் கில், திருந்திவிட்டேன் என்று சொல்லி மீண்டும் நின்றார். மக்கள் அவரை மறுபடியும் மேயராக்கினார்கள்! 1916-இல் இன்னொரு முறையும் வென்றார். மதுவிலக்கு வந்தபோது மதுக்கடைகளில் சோதனை நடத்தியதும் அவருடைய நிர்வாகமே.

1911 அக்டோபரில் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதற்கும் இந்த உரிமை வந்தது. பெண்களின் வாக்குரிமையும் அதே நாள் வாக்கெடுப்பில்தான் வென்றது. மாநில ஆளுநரைத் திரும்ப அழைக்க இந்தச் சட்டம் முதன்முதலாகப் பயன்பட்டது 2003-இல். கிரே டேவிஸ் போனார், நடிகர் ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்னேக்கர் வந்தார். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

தைவானில் ஒரு சனிக்கிழமை

ஆசியாவில் இந்த ஆயுதம் எப்படிப் பாய்ந்தது என்று பார்க்க வேண்டுமானால் தைவானின் துறைமுக நகரமான காவ்சியுங்கிற்குத்தான் போக வேண்டும். அங்கே 20 ஆண்டுகளாக ஒரே கட்சியின் கையில் இருந்த மேயர் பதவியை 2018 நவம்பரில் ஹான் குவோ-யூ தட்டிப் பறித்தார். அவர் பெற்ற வாக்குகள் 892,545. பேச்சில் வல்லவர். அவர் போன இடமெல்லாம் கூட்டம். ஆனால் நாற்காலி சூடாவதற்குள் அதிபர் தேர்தலுக்குப் புறப்பட்டார். மேயர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார். ஊரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினால் நாட்டைப் பிடிக்கப் போகிறாரே என்று காவ்சியுங் மக்கள் பலருக்குக் கோபம்.

மனு வேலை மூன்று படிகள் கொண்டது. முதலில் வாக்காளர்களில் நூற்றுக்கு 1 பேர், அடுத்து நூற்றுக்கு 10 பேர் கையெழுத்திட வேண்டும். வெறும் கையெழுத்து போதாது. அடையாள அட்டை எண்ணும் முகவரியும் சரியாக இருக்க வேண்டும். ஒரு இலக்கம் பிசகினால் அந்தத் தாள் செல்லாது. மூன்றாவது படியான வாக்கெடுப்பில், ஆதரிப்பவர்கள் எதிர்ப்பவர்களைவிட அதிகமாக இருப்பதோடு, மொத்த வாக்காளர்களில் கால் பங்கையும் எட்ட வேண்டும். 2016-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வந்த விதி இது. அதற்கு முன் வாக்காளர்களில் பாதிப்பேர் வாக்களிக்க வந்தாக வேண்டும் என்றிருந்தது. அந்த விதி நீடித்திருந்தால் காவ்சியுங் மக்களின் உழைப்பு அத்தனையும் வீணாகியிருக்கும். காரணம், பின்னர் நடந்த வாக்கெடுப்புக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர்தான். மக்களுக்கு உரிமை உண்டு என்று எழுதுவது சுலபம். அந்த உரிமை உயிரோடு இருக்கிறதா என்பதை அடுத்த வரியில் எழுதும் எண்தான் தீர்மானிக்கிறது.

ஹான் நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. தம் ஆதரவாளர்களை வாக்களிக்கப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். கால் பங்கு எட்டாது என்ற கணக்கு! ஆனால் 2020 ஜூன் 6, சனிக்கிழமை, அந்தக் கணக்கு தப்பியது. அவரை நீக்க விழுந்த வாக்குகள் 939,090. தேவைப்பட்டதோ 574,996. வேண்டாம் என்றவர்கள் வெறும் 25,051 பேர். அவரைத் தேர்ந்தெடுத்த வாக்குகளைவிட நீக்கிய வாக்குகள் அதிகம்.

அவரும் ஹைரம் கில்லின் வழியிலேயே திரும்பி வந்தார். 2024 பிப்ரவரியில் தைவான் நாடாளுமன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இதே ஹான் குவோ-யூதான். 2025-இல் அவர் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 31 பேரை இதே முறையில் நீக்க ஜூலையிலும் ஆகஸ்டிலும் வாக்கெடுப்பு நடந்தது. ஒருவர்கூடப் பதவி இழக்கவில்லை. கட்சிச் சண்டைக்கு இந்த ஆயுதத்தை எடுக்கிறார்கள் என்று வாக்காளர்களில் ஒரு சாரார் நினைத்ததும் அதற்குக் காரணம்.

இந்தியாவில் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்களைத் திரும்ப அழைக்கச் சட்டம் உண்டு. வாக்குச் சீட்டில் இரண்டே சின்னங்கள்: ஒரு காலி நாற்காலி, ஆள் அமர்ந்த ஒரு நாற்காலி. எழுத்தறியாதவருக்கும் புரியும். 2008-இல் சத்தீஸ்கரில் மூன்று தலைவர்கள் இப்படிப் பதவி இழந்தார்கள். குறை என்னவென்றால், அங்கே மனுவைத் தொடங்குவது மக்கள் அல்லர். மன்ற உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் முதலில் கையெழுத்திட வேண்டும்.

நம் நாட்டில்

மலேசியாவில் 2022-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய விவாதங்களில், தொகுதி மக்களே உறுப்பினரைத் திரும்ப அழைக்கட்டும் என்ற யோசனையும் எழுந்தது. அது சட்டத்தில் இடம்பெறவில்லை. ஊராட்சி மன்றங்களைப் பொறுத்தவரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலின்போது ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த மன்றங்களை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலை மீண்டும் கொண்டு வரலாம் என்றே அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது.

ஜோர்ஜ்டவுன் மாநகரின் முதல் மேயராக 1957-இல் பொறுப்பேற்றவர் டி.எஸ். இராமநாதன். பினாங்கில் முன்பு ஸ்காட் ரோடு என்று இருந்தது இன்று ஜாலான் டி.எஸ். இராமநாதன். அந்தச் சாலையின் வடிகாலையும் குப்பையையும் கவனிக்கும் மன்றத்தில் இன்று அமர்ந்திருப்பவர்கள் மாநில அரசு நியமித்தவர்கள். அவர்களை மக்கள் அமர்த்தவில்லை. ஆகவே திரும்ப அழைக்க மனுவும் இல்லை, தாளும் இல்லை.