'ஆய்வுக்கு மட்டும்' என்று வரும் இஜிஎஃப் புரதம்... காயத்துக்குப் போடலாமா? முழு விவரம்!

சின்னக் கண்ணாடிக் குப்பி. அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் வெள்ளைப் பொடி. மேலே 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற லேபிள். உயிரியல் ஆய்வகங்கள் வாங்கும் மறுசேர்க்கை மனித இஜிஎஃப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். இதே பெயரில் காயத்துக்கான மருந்தும் இருக்கு, அழகு சீரமும் இருக்கு. அப்போ எல்லாம் ஒண்ணுதானா? பார்க்கலாம்.

இஜிஎஃப் என்றால் என்ன?

எபிடெர்மல் குரோத் ஃபேக்டர் என்பதன் சுருக்கம் இது. 53 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். நம் எச்சிலிலும் சிறுநீரிலும் இயற்கையாகவே இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, 'வளரு, பிரி' என்று சிக்னல் கொடுப்பதுதான் இதன் வேலை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார். வழக்கமாக இரண்டு வாரத்தில் கண் திறக்கும் குட்டிகள், ஒரு வாரத்திலேயே திறந்துவிட்டன. காரணம் இந்தப் புரதம். 1986-ல் அவருக்கும் ரீட்டா லெவி மொண்டால்சினிக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

'மறுசேர்க்கை' என்றால்?

மனித உடலில் இருந்து இதைப் பிரித்தெடுப்பதில்லை. மனித மரபணுவின் தகவலை ஈ.கோலை பாக்டீரியா அல்லது ஈஸ்ட்டுக்குள் வைத்து, அதையே புரதத்தைத் தயாரிக்க வைக்கிறார்கள். பிறகு பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். புரதம் சரியான வடிவில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும்.

ஆய்வகத்தில் என்ன பயன்?

தட்டில் வளரும் பல வகை செல்களுக்குச் சத்து மட்டும் போதாது, வளரச் சொல்லும் சிக்னலும் வேணும். அதற்கு ஒரு மில்லி திரவத்துக்குச் சில நானோகிராம் இஜிஎஃப் போதும். ஸ்டெம் செல், தோல் செல் ஆய்வுகளில் இது பயன்படுகிறது. சில நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களில் இந்த சிக்னல் பாதைதான் கட்டியை வளர்க்கிறது. அதைத் தடுக்க வந்தவைதான் ஜெஃபிடினிப், செடுக்சிமாப் போன்ற மருந்துகள்.

காயத்துக்குப் போடலாமா?

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு கியூபாவில் 'ஹெபர்ப்ராட்-பி' என்ற இஜிஎஃப் ஊசி இருக்கிறது. இந்தியாவிலும் ஜெல் வடிவில் மருந்து உண்டு. ஆனால் இவை நோயாளிகளிடம் சோதித்து, கிருமி நீக்கி, டோஸ் நிர்ணயித்து வருபவை.

ஆய்வகக் குப்பியில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஈ.கோலையின் எண்டோடாக்சின் நச்சு மிச்சமிருந்தால், உடலுக்குள் போகும்போது காய்ச்சலும் அழற்சியும் வரலாம். தட்டில் உள்ள செல்லுக்குப் போதுமான சுத்தம், மனிதருக்குப் போதாது. புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தில் வளர்ச்சி சிக்னல் கொடுப்பதும் ஆபத்து.

அதனால ஆன்லைனில் விலை கம்மியா கிடைக்குதுன்னு 'ஆய்வுக்கு மட்டும்' லேபிள் உள்ள பொடியை வாங்கிப் புண்ணிலோ முகத்திலோ போட வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் சின்னப் புண் வந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுவதே பாதுகாப்பு.