நாலு கன்று வந்தது, வண்டு வரலை

பக்கத்துல பிஸ்கட் பாக்கெட் இருந்தா திருப்பிப் பாருங்க. பாமாயில்னு போட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அந்த எண்ணெய் தர்ற மரத்தை மலேசியத் தமிழர்கள் செம்பனைன்னு சொல்வாங்க. இன்னைக்கு எபிசோட் அந்த மரத்தோட பூவைப் பத்தினது.

செம்பனையின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ல நாலே நாலு கன்றுகள் ஜாவா தீவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அதோட வாரிசுகள்தான் தென்கிழக்கு ஆசியாவில் பரவின. மலேசியாவில் 1917ல, சிலாங்கூர் பக்கம், வணிகத் தோட்டம் தொடங்குச்சு.

மரம் நல்லாத்தான் வளர்ந்துச்சு. காய்தான் சரியாப் பிடிக்கலை. காரணம் இதுதான்: ஒரே மரத்துல ஆண் பாளையும் வரும், பெண் பாளையும் வரும். ஆனா வேற வேற சமயத்துல. அதனால மகரந்தம் இன்னொரு மரத்திலிருந்து வந்தாகணும். அதைக் காற்று பாத்துக்கும்னு ரொம்ப காலம் நம்பினாங்க.

காற்று பாத்துக்கலை. மனுஷங்க பாத்தாங்க. ஆண் பாளையிலிருந்து மகரந்தத்தைச் சேகரிச்சு, டால்க் பவுடர்ல கலந்து, மரம் மரமாப் போய் பெண் பாளை மேல ஊதினாங்க. பெண் பூ மகரந்தத்தை ஏத்துக்கிறது சில நாள்தான். அதனால அதே மரங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகணும். அப்போ தீபகற்ப மலேசியாவின் தோட்டத் தொழிலாளர்கள்ல கணிசமானவங்க தமிழர்களா இருந்தாங்க.

லெஸ்லி டேவிட்சன்னு ஒரு தோட்ட அதிகாரி. முன்னாடி கேமரூன்ல வேலை பார்த்தப்போ, செம்பனைப் பூவுல பூச்சிகள் மொய்க்கிறதைக் கவனிச்சவர். இது காற்றோட வேலை இல்லைன்னு அவருக்குத் தோணுச்சு. 1970களின் பிற்பகுதியில், ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தான் பூச்சியியலாளர் கேமரூன்ல ஆராய்ச்சி செஞ்சு ஆளைப் பிடிச்சார்: சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மூக்கு வண்டு.

ஆண் பாளை சோம்பு மாதிரி மணக்கும். வண்டு அங்கேதான் சாப்பிடும், முட்டையும் போடும். உடம்பெல்லாம் மகரந்தம் ஒட்டிக்கும். பெண் பாளையும் அதே வாசனையை விடும். ஆனா அங்கே வண்டுக்கு எதுவும் கிடையாது. ஏமாந்து வந்த வண்டு மகரந்தத்தை உதிர்த்துட்டுப் போயிடும். மரத்துக்கு அது போதும்.

சாஃப்ட்வேர் ஆளா எனக்கு இது நல்லாப் புரியுது. கோடை மட்டும் காப்பி பண்ணிட்டு, அது நம்பியிருந்த லைப்ரரியை ஊர்லயே விட்டுட்டு வந்த கதை.

மத்த பயிர்களைத் தின்னுமான்னு சோதிச்சுட்டு, 1981ல ஜொகூர்ல வண்டை விட்டாங்க. சீக்கிரமே அது பரவுச்சு, காய்ப்பு கூடுச்சு, கையால ஊதுற வேலையும் நின்னுச்சு.

டேவிட்சன், சையத் பேரெல்லாம் புத்தகத்துல இருக்கு. வண்டு வர்ற வரைக்கும் வண்டோட வேலையைச் செஞ்சவங்க பேரு இல்லை. மகரந்தம் ஊதினவங்க யாராவது உங்க குடும்பத்துல இருந்தா, அவங்ககிட்ட பேசி ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அவங்க குரலைக் கேட்போம்.