மத்தன் தைலம்

மத்தன் தைலம் என்பது ஆறாத புண்களுக்குச் சித்த மருத்துவர்கள் வெளிப்பிரயோகமாகத் தரும் பச்சை நிற எண்ணெய். ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு ஆகிய மூன்றும் சேர்ந்தது. மக்கள் வழக்கில் 'பச்சை எண்ணெய்' என்றும் சொல்வதுண்டு. சர்க்கரை நோயாளிகளின் காற்புண், சீழ் வைத்த பழம்புண் போன்றவற்றுக்குப் பயன்படுகிறது. புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகே இதை இட வேண்டும். கழுவாத புண்ணில் எந்த எண்ணெயும் அழுக்கை மூடிவைக்கவே உதவும்.

பெயரும் சேர்மானமும்

ஊமத்தையின் மற்றொரு பெயர் மத்தம். சிவன் சடையில் சூடுவதாகச் சொல்லப்படும் பூ இதுதான். தைலத்தின் பெயரும் அதிலிருந்து வந்தது. புனல் வடிவப் பூவும் முள் நிறைந்த காயும் கொண்ட இச்செடி தரிசு நிலத்திலும் குப்பைமேட்டிலும் தானாக முளைக்கும். துருசு என்பது மயில்துத்தம், அதாவது செப்புச் சல்பேட்டின் நீலப் படிகம். உழவர்கள் சுண்ணாம்போடு கலந்து பூஞ்சாண நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையிலும் இதுவே உள்ளது. செம்பு நுண்ணுயிர்களை அழிக்கும் இயல்புடையது.

காய்ச்சும் முறை

இலையை இடித்துப் பிழிந்த சாற்றை எண்ணெயில் ஊற்றி, பொடித்த துருசைச் சிறிதளவு சேர்த்துச் சிறுதீயில் காய்ச்சுவர். நீர் வற்ற வற்றச் சடசடப்பு அடங்கும். அடியில் தங்கும் கசடு முதலில் சேறுபோலவும், பிறகு மெழுகுபோலவும் திரளும். தைலத்தில் ஒரு திரியை நனைத்துக் கொளுத்திப் பார்ப்பது பழைய சோதனை. பொரியும் ஓசையில்லாமல் எரிந்தால் ஈரம் போய்விட்டது என்று பொருள். ஈரம் தங்கிய தைலம் விரைவில் கெட்டுவிடும்.

கழுவுதலும் கட்டுதலும்

சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுக்கிறது. மருந்தில் நனைத்த துணியைப் புண்ணில் வைக்கும் 'சீலை' அவற்றுள் ஒன்று. மத்தன் தைலம் பெரும்பாலும் இப்படித்தான் இடப்படுகிறது.

முதலில் பழைய கட்டை நனைத்து, ஊறிய பின் மெல்ல எடுக்க வேண்டும். காய்ந்த துணியைப் பிய்த்தால் புதிதாக வளர்ந்த தசையும் கூடவே வந்துவிடும். அடுத்து படிகார நீராலோ திரிபலைக் குடிநீராலோ கழுவுவர். இன்றைய மருத்துவமனைகளில் உப்புநீர்க் கரைசல் வழக்கம். பின்பு புண்ணின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு செத்த தசை. மஞ்சள் சீழும் கசடும் படிந்த இடம். பச்சிறைச்சி போன்ற சிவப்பு ஆறத் தொடங்கியதன் அடையாளம். கறுப்பை மருத்துவர் அகற்றிய பிறகு தைலத்தில் நனைத்த சல்லாத் துணியை வைத்துக் கட்டுவர்.

தாம்பரத்தில்

இத்தகைய சித்த மருத்துவத்துக்கென ஒன்றிய அரசு நடத்தும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானடோரியத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்துள்ளது. 2005 செப்டம்பர் 3 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் இதைத் திறந்துவைத்தார். இதன் மருத்துவமனைக்கு, தாமே சித்த மருத்துவராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) பெயர் சூட்டப்பட்டுள்ளது. 'சானடோரியம்' என்ற ஊர்ப்பெயர் இந்நிறுவனத்துக்கு முந்தியது. மருத்துவர் சௌரிமுத்து 1928இல் இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. அது இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது.

எதற்கு ஆகாது

நாய்க்கடிக்கு இத்தைலம் ஆகாது. கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். எண்ணெய், மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. தடுப்பூசியை அன்றே தொடங்க வேண்டும். ரத்தம் வரும் அளவுக்குப் பல் பதிந்திருந்தால் வெறிநோய் எதிர்ப்புப் புரதமும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும்.

அடிபட்ட புதுக்காயத்துக்கும் குழாய்த் தண்ணீரும் சோப்புமே முதல் மருந்து. 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் புகுந்ததுபோன்ற வெள்ளநீரில் கால் கிழிபட்டால் சாக்கடையும் மண்ணும் காயத்துக்குள் சேரும். அத்தகைய அழுக்குக் காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போடுவது மருத்துவ வழக்கம். சுத்தமான சிறு காயத்துக்கு 10 ஆண்டு.

சர்க்கரை நோயாளிக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருப்பதால் வலியை நம்பிக் காத்திருக்க முடியாது. விரல் கறுத்தல், துர்நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அன்றே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

நச்சுத்தன்மை

ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமின் போன்ற நச்சுக் காரப்பொருள்கள் உள்ளன. உடலில் சேர்ந்தால் வாய் உலரும், கண்பாவை விரியும், பிதற்றல் வரும். துருசை விழுங்கினால் கடும் வாந்தியோடு கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆகவே இதைக் கண்ணருகிலும் வாயருகிலும் தடவுவதில்லை; வீட்டில் தாமே காய்ச்சுவதும் தகாது. அடிப்படை தேங்காய் எண்ணெய் என்பதால், பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியைத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று யாரும் எடுத்துவிடக்கூடும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் ஒட்டி, தனியே வைக்க வேண்டும்.