சவாலிராமுக்கு ஒரு கடிதம்

'விஞ்ஞான மனப்பான்மை' குடிமக்களின் அடிப்படைக் கடமையாக அரசியல் சட்டத்துக்குள் நுழைந்தது 1976இல், நெருக்கடிநிலையின்போது. கேள்வி கேட்டவர்களையெல்லாம் சிறையில் வைத்துக்கொண்டு, கேட்பதைக் கடமையாக்கினார்கள்! இந்த முரணை யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

அதற்கு நாலு வருஷம் முன்பே, 1972இல், மத்தியப்பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 அரசு நடுநிலைப்பள்ளிகளில் வேறொரு காரியம் தொடங்கிவிட்டிருந்தது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்கிற இரண்டு அமைப்புகள். துணைக்கு டெல்லிப் பல்கலைக்கழகம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள். 'பால் வைஞானிக்' என்ற அவர்களது பாடநூலில் விடைகள் கிடையாது. பிள்ளைகள் நாலுபேராக உட்கார்ந்து, சோதனை செய்து, பார்த்ததை எழுதி, தங்களுக்குள் சண்டைபோட்டு ஒரு முடிவுக்கு வரவேண்டும். 'எனக்கும் தெரியாதுப்பா, செஞ்சு பாப்போம்' என்று வாத்தியார் சொல்கிற கணத்தில் வகுப்பறையின் அதிகாரம் இடம்மாறுகிறது. கூச்சப்பட்ட கேள்விகளை எழுதி அனுப்ப 'சவாலிராம்' என்றொரு கற்பனை மனிதரும் இருந்தார்.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது தேர்வு. மனப்பாடக் கல்வியைத் திட்டித்தீர்த்தவர்கள் நம்மிடையே ஏராளம். வினாத்தாளில் கைவைத்தவர்கள் எத்தனை பேர்? இவர்கள் எட்டாம் வகுப்பு அரசுத் தேர்வையே மாற்ற அனுமதி வாங்கினார்கள். புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பரிட்சைக்குப் போகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு.

1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982இல் தொடங்கிய ஏகலவ்யா பொறுப்பேற்று, பிற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நிறுத்தியது மதவாத அரசல்ல, காங்கிரஸ் அரசு. மாநிலம் முழுக்க ஒரே பாடத்திட்டம் வேண்டும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் குறைகிறது என்றெல்லாம் வாதங்கள் வைக்கப்பட்டன.

முதல் வாதம் அதிகாரவர்க்கத்தின் வழக்கமான பாட்டு, விட்டுத்தள்ளலாம். இரண்டாவதை அப்படித் தள்ள முடியாது. திட்டம் ஆறிலிருந்து எட்டு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் பழைய புத்தகம், பழைய பரிட்சை, பழைய வாத்தியார். அங்கே போய் நிற்கும் பிள்ளையின் அப்பன், 'இதனால மார்க்கு வருமா சார்?' என்று கேட்டால், அது பின்தங்கிய மனோபாவமா? படிப்பை விட்டால் வேறு சொத்தில்லாதவன், ஆதாரம் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. சவாலிராமிடம் அதற்கு விடை இல்லை. மேல்வகுப்புத் தேர்வைக் கையில் வைத்திருந்தவர்களிடம் இருந்திருக்கவேண்டும், அவர்களை யாரும் கேட்கவில்லை.