அட்லாண்டிக் லைனர் கப்பல்களின் பொற்காலமும் அதன் நினைவும்

அட்லாண்டிக் லைனர் என்பது ஐரோப்பியத் துறைமுகங்களுக்கும் நியூயார்க் போன்ற வட அமெரிக்கத் துறைமுகங்களுக்கும் இடையே, அறிவித்த நாளில் புறப்பட்டுப் பயணிகளையும் அஞ்சலையும் ஏற்றிச் சென்ற பெருங்கப்பல். இன்றைய உல்லாசக் கப்பல் ஊர் ஊராகச் சுற்றிக்காட்டிவிட்டுப் பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். லைனரின் வேலை ஒரு கரையில் ஏற்றி மறுகரையில் இறக்கிவிடுவது. குளிர்காலத்து வட அட்லாண்டிக்கின் அலைகளைக் கிழித்துக்கொண்டு நாள் தவறாமல் போய்ச் சேரவேண்டியிருந்ததால் அதன் உடல் நீண்டு ஒடுங்கியும், முன்முனை கூர்மையாகவும், எஃகுத் தகடுகள் கனத்தும் இருந்தன. 1890களிலிருந்து 1950களின் இறுதிவரை இவ்வகைக் கப்பல்களின் பொற்காலம் எனப்படுகிறது. அக்காலம் முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைப் பற்றிய ஏக்கம் அருங்காட்சியகங்களிலும் திரைப்படங்களிலும் ஏலக்கூடங்களிலும் உயிரோடு இருக்கிறது.

குறித்த நாளில் கப்பல் புறப்படும் வழக்கம் 1818இல் தொடங்கியது. அதுவரை சரக்கறை நிரம்பும்வரை கப்பல்கள் துறைமுகத்திலேயே காத்துக் கிடக்கும். நியூயார்க்கின் பிளாக் பால் நிறுவனம் சரக்கு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் சொன்ன தேதியில் லிவர்பூலுக்குக் கிளம்புவதாக அறிவித்து, அவ்வாறே பாய்மரக் கப்பல்களை ஓட்டியது. 1838இல் பொறியாளர் பிரூனெல் வடிவமைத்த கிரேட் வெஸ்டர்ன் என்ற நீராவிக் கப்பல் பதினைந்து நாளில் நியூயார்க்கை அடைந்தது. 1840இல் சாமுவேல் கியூனார்டு பிரிட்டானியா என்ற கப்பலுடன் பிரிட்டிஷ் அரசின் அஞ்சலை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தச் சேவையைத் தொடங்கினார். இரண்டாண்டு கழித்து அதே கப்பலில் சென்ற சார்லஸ் டிக்கன்ஸ் தமக்குத் தரப்பட்ட அறையின் நெருக்கடியைக் கண்டு திகைத்ததை எழுதி வைத்திருக்கிறார். வசதி என்பது பின்னர் வந்தது.

அந்த வசதிக்கு அடித்தளமாக இருந்தவர்கள் ஏழைகள். கப்பலின் கீழ்த்தட்டில் 'ஸ்டீயரேஜ்' எனப்பட்ட வகுப்பில் நெருக்கியடித்துச் சென்ற குடியேறிகளின் கட்டணமே கப்பல் நிறுவனங்களின் நிலையான வருவாய். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு நிலையம் 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ 1.2 கோடிப் பேரைக் குடியேறிகளாகப் பதிவு செய்தது. இவர்களைக் கரைசேர்த்தவை இந்த லைனர்களே. ஆல்ஃபிரட் ஸ்டீகிளிட்ஸ் 1907இல் எடுத்த 'தி ஸ்டீயரேஜ்' என்ற புகழ்பெற்ற ஒளிப்படத்தைப் பலர் அமெரிக்காவுக்கு வந்து சேர்வோரின் படமாக எண்ணுகின்றனர். உண்மையில் அந்தக் கப்பல் ஐரோப்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. படத்தில் இருப்பவர்கள் திரும்பிச் செல்பவர்கள். புது உலகம் எல்லோரையும் ஏற்றுக்கொள்ளவில்லை, எல்லோரும் அங்கே தங்கவும் விரும்பவில்லை என்பதற்கு அந்த ஒரு படம் போதும்.

அதே 1907இல் லூசிடானியா, மோரிடானியா என்ற இரட்டைக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. வட அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடக்கும் கப்பலுக்குரிய 'நீல ரிப்பன்' பெருமையை ஜெர்மானியரிடமிருந்து மீட்கவேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு இவற்றுக்காக 26 லட்சம் பவுண்டு கடன் கொடுத்திருந்தது. பொறியாளர் பார்சன்ஸ் கண்டுபிடித்த நீராவிச் சுழலிகள் இவற்றை ஓட்டின. மோரிடானியா 1909 முதல் 1929 வரை அப்பெருமையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வேகத்துக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் டன் நிலக்கரி தேவைப்பட்டது. அத்தனை நிலக்கரியையும் மனிதர்கள் மண்வாரியால் அள்ளி உலையில் போட்டார்கள். அனல் தாங்காமல் மயங்கி விழுவோரும் உண்டு. மேல்தளத்தில் உலவிய சீமாட்டிகள் இவர்களைக் கண்டதே இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியபோது இந்த வேலை மறைந்தது. பழைய நாள் லைனரை நினைத்து ஏங்குவோர் உலையறையை நினைத்து ஏங்குவதில்லை.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கி 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாகவே 1914இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. 1915 மே 7 அன்று லூசிடானியாவை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியதில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர்.

போருக்குப் பின் தொழிலின் அடித்தளமே அசைந்தது. 1921, 1924ஆம் ஆண்டுச் சட்டங்களால் அமெரிக்கா குடியேற்றத்துக்கு வரம்பு விதித்தது. காலியான கீழ்த்தட்டுகளைக் கப்பல் நிறுவனங்கள் சீர்செய்து, வண்ணம் பூசி, 'சுற்றுலா மூன்றாம் வகுப்பு' என்று பெயரிட்டன. கோடை விடுமுறையில் ஐரோப்பாவைப் பார்க்கக் கிளம்பிய அமெரிக்க ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் ஏறினர். அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த ஆண்டுகளில், கரை மறைந்ததும் மதுக்கூடத்தைத் திறந்த ஐரோப்பியக் கப்பல்களுக்குத் தனிக் கவர்ச்சி இருந்தது. அதுவரை லைனர்களின் உட்புறம் பழைய அரண்மனைகளையும் கோட்டைகளையும் பார்த்துச் செய்ததாக இருந்தது. 1927இல் வந்த பிரெஞ்சுக் கப்பல் இல் து பிரான்ஸ் அந்த வழக்கத்தைக் கைவிட்டு, தன் காலத்து ஆர்ட் டெக்கோ பாணியில் அலங்கரிக்கப்பட்டது.

அந்தப் பாணியின் உச்சம் நார்மண்டி. ரஷ்யப் புரட்சிக்குப் பின் பிரான்சில் தஞ்சம் புகுந்த பொறியாளர் விளாடிமிர் யூர்கெவிச் அதன் உடலை வடிவமைத்தார். நீரைப் பிளந்து வழுக்கிச் செல்லும் அந்த வடிவம் எரிபொருளை மிச்சப்படுத்தியது. 1935 மே மாதம் லு ஹாவ்ரில் இருந்து கிளம்பிய முதல் பயணத்திலேயே அது நீல ரிப்பனை வென்றது. முதல் வகுப்பு உணவுக்கூடம் 93 மீட்டர் நீளம். அதற்குச் சன்னலே கிடையாது. கண்ணாடிக் கலைஞர் லாலிக் செய்த கண்ணாடி விளக்குத் தூண்கள்தான் அதற்கு ஒளி. பெருங்கூடத்தின் சுவர்களில் ஓவியர் ழான் டூப்பா கடற்பயண வரலாற்றைக் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டிப் பொன்னும் வெள்ளியும் பூசியிருந்தார். இதைவிட அழகான பயணிகள் கப்பல் கட்டப்படவில்லை என்று சொல்வோர் இன்றும் பலர். அவர்களை மறுப்பது கடினம். ஆயினும் அது ஓடியது நான்கே ஆண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நியூயார்க்கில் படைக்கப்பலாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்த நார்மண்டி, 1942 பிப்ரவரி 9 அன்று தீப்பிடித்து, தீயணைக்க ஊற்றிய நீரின் எடையாலேயே சாய்ந்து வீழ்ந்தது.

அதன் போட்டிக் கப்பலான குயீன் மேரி 1936இல் ஓடத் தொடங்கியது. பொருளாதார மந்தத்தால் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் கப்பல் தளத்தில் அதன் கட்டுமானம் 1931 டிசம்பர் முதல் 1934 ஏப்ரல் வரை நின்றுபோய், துருவேறிய எலும்புக்கூடு அந்த ஊரின் வேலையின்மைக்கு அடையாளமாக நின்றது. போரில் அதே கப்பல் சாம்பல் நிறம் பூசிப் படைவீரர்களைச் சுமந்தது. 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேரை ஏற்றிச் சென்றது.

கப்பலில் நாட்கள் கழிந்த விதமே பின்னாளைய ஏக்கத்தின் கரு. புறப்படும் நேரத்தில் வழியனுப்ப வந்தவர்கள் கரையிறங்கச் சேகண்டி ஒலிக்கும். தளத்துக்கும் துறைக்கும் இடையே வண்ணக் காகிதச் சுருள்கள் நீண்டு, கப்பல் நகர நகர ஒவ்வொன்றாக அறும். காலையில் மேல்தளச் சாய்வு நாற்காலிகளில் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருப்போருக்குப் பதினொரு மணிக்குச் சூடான இறைச்சிச் சாறு வரும். கடந்த ஒரு நாளில் கப்பல் எத்தனை கடல் மைல் ஓடியது என்பதன் மீது பந்தயம் கட்டுவார்கள். முதல் வகுப்பில் இரவு உணவுக்கு விருந்துடை கட்டாயம். பெட்டிகள் பிரிக்கப்படாத முதல் இரவுக்கும் பெட்டி கட்டிவிட்ட கடைசி இரவுக்கும் மட்டும் விலக்கு. மேற்கே போகையில் ஒவ்வோர் இரவும் கடிகாரத்தைப் பின்னுக்கு நகர்த்துவார்கள். எனவே நாள் ஏறக்குறைய இருபத்தைந்து மணி நேரம் ஆகும். உடலும் மெதுவாகப் புதிய கரையின் பொழுதுக்குப் பழகிவிடும். இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல், கடிதமும் பொறுப்பும் எளிதில் எட்டாத நான்கைந்து நாள் என்பது விமானம் திருப்பித் தர முடியாத ஒன்று.

எல்லோருக்கும் அந்த நாட்கள் இனிமையாக இல்லை. 1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து 937 பயணிகளுடன் கிளம்பிய செயின்ட் லூயிஸ் கப்பலில் பெரும்பாலோர் நாஜி ஆட்சியிலிருந்து தப்பிய யூதர்கள். கியூபாவின் ஹவானா சிலரைத் தவிர மற்றவர்களை இறங்கவிடவில்லை, அமெரிக்காவும் கதவடைத்தது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பின்னர் இனப்படுகொலையில் கொல்லப்பட்டனர். விருந்துடைகளின் நினைவோடு இதுவும் லைனர் வரலாற்றைச் சேர்ந்ததே.

1952இல் வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ் வடிவமைத்த யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற கப்பல் 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கிழக்கு நோக்கிக் கடந்து, லைனர்களுள் எதுவும் முறியடிக்காத சாதனையைப் படைத்தது. ஆறே ஆண்டு கழித்து, 1958 அக்டோபரில், பிரிட்டனின் காமெட் விமானமும் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 விமானமும் அட்லாண்டிக் மீது ஜெட் சேவையைத் தொடங்கின. நான்கு நாள் பயணம் சில மணி நேரமானது. குயீன் மேரி 1967இல் ஓய்வுபெற்றது. யுனைடெட் ஸ்டேட்ஸ் 1969இல்.

ஏக்கம் ஒரு பொது உணர்ச்சியாக வெளிப்பட்டது பிரான்சில். 1962இல் ஓடத் தொடங்கிய பிரான்ஸ் என்ற கப்பலுக்கு, எண்ணெய் விலை ஏறிய பின் அரசு மானியத்தை நிறுத்தியது. 1974 செப்டம்பரில் ஊழியர்கள் கப்பலைத் தம் கட்டுப்பாட்டில் எடுத்து லு ஹாவ்ர் துறைமுக வாயிலிலேயே நங்கூரமிட்டனர். போராட்டம் தோற்றது. அடுத்த ஆண்டு மிஷெல் சார்டூ அக்கப்பலே பேசுவதாகப் பாடிய பாட்டு பிரான்ஸ் முழுவதும் ஒலித்தது. கப்பல் நார்வே என்ற பெயரில் உல்லாசக் கப்பலாகப் பல்லாண்டு ஓடி, கடைசியில் புளூ லேடி என்ற பெயரோடு குஜராத்தின் அலங் உடைப்புக் கடற்கரைக்கு வந்தது. அதிலிருந்த கல்நார் தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்கும் என்று எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2007இல் உடைக்க அனுமதி கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்களின் கனவுக் கப்பலைத் தகடு தகடாக வெட்டிப் பிரித்தவை இந்தியக் கைகள்.

எஞ்சிய துண்டுகள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. டூப்பாவின் கண்ணாடிச் சுவரின் ஒரு பகுதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. நார்மண்டி உணவுக்கூடத்தின் வெண்கலக் கதவுகள் புரூக்ளினில் மாரோனைட் கிறித்தவர்களின் பேராலய வாயிலில் திறந்து மூடுகின்றன. டைட்டானிக்கின் சகோதரிக் கப்பலான ஒலிம்பிக்கின் மரப்பலகைகள் இங்கிலாந்தின் அல்னிக் ஊரில் ஒரு விடுதியின் சுவர்களை மூடியிருக்கின்றன. குயீன் மேரி கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் விடுதியாக நிற்கிறது. 1985இல் டைட்டானிக்கின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டதும், 1997இல் ஜேம்ஸ் கேமரூனின் படம் வந்ததும் இந்த நினைவைக் கப்பலையே பார்த்திராத தலைமுறைகளுக்கு எடுத்துச் சென்றன. 2018இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் லைனர்களின் வேகத்துக்கும் அழகுக்கும் தனிக் கண்காட்சியே நடத்தியது.

இவற்றில் பாதுகாக்கப்பட்டவை பெரும்பாலும் முதல் வகுப்பின் பொருள்கள். கீழ்த்தட்டின் இரும்புக் கட்டிலையும் தகரத் தட்டையும் யாரும் விலைகொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டவில்லை. ஆதலால் லைனர் என்றதும் பலருக்கு நினைவு வருவது பயணிகளுள் சிறுபான்மையினர் கண்ட காட்சியே. ஆயினும் அந்த ஏக்கத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கப்பல் தளங்களின் தொழிலாளர்கள், தச்சர்கள், ஓவியர்கள், பொறியாளர்கள் ஆகியோரின் உச்சத் திறமை ஒரே பொருளில் கூடிய அரிய சந்தர்ப்பம் அது.

யுனைடெட் ஸ்டேட்ஸ் பிலடெல்பியா துறையில் கால் நூற்றாண்டுக்கு மேல் வண்ணம் உரிந்து நின்றது. அதைக் காக்க ஆர்வலர்கள் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. 2024இல் ஃபுளோரிடாவின் ஒக்கலூசா மாவட்டம் அதைச் செயற்கைப் பவளத்திட்டாக மூழ்கடிக்க வாங்கியது. இன்று அட்லாண்டிக்கில் முறையாக ஓடும் ஒரே லைனர், 2004இல் சேவைக்கு வந்த குயீன் மேரி 2. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமாக ஏழு இரவுகள் எடுத்துக்கொள்கிறது. மோரிடானியாவைவிட மெதுவாக, வேண்டுமென்றே. மேற்கு நோக்கிய பயணத்தில் ஐந்து இரவுகளில் அதன் கடிகாரங்கள் இன்றும் ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தப்படுகின்றன.